வின்டர்தூர் வரைபடத்தில் ஒரு முக்கோணம்

ஐம்பது தாண்டிய என் கூட்டாளிகளே, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கதவு மணி அடித்தால் நீங்கள் உடனே போய்த் திறக்கிறீர்களா? நான் திறப்பதில்லை. முதலில் ரேடியோவை நிறுத்துவேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய்க் கதவுக் கண்ணால் பார்ப்பேன். அங்கே நிற்பது தபால்காரன்தான், பல வருடங்களாக வருகிற அதே தபால்காரன். ஆனாலும் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திறப்பைத் திருப்புவேன். “அம்மாவுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்” என்று என் மகள் பகிடி பண்ணுவாள். அவள் இங்கே பிறந்தவள், அவளுக்கு என்ன தெரியும்? எண்பதுகளின் நடுவில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் வந்து இறங்கிய நமக்குத்தான் தெரியும். நமது வீடுகளில் அப்போது சந்தேகம் சோறு மாதிரி மூன்று வேளையும் பரிமாறப்பட்டது.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு இலையுதிர் காலத்தை. எனக்குப் பத்து வயது. வின்டர்தூரின் மேற்குப் பக்கம், ரெயில் தண்டவாளத்துக்கு அருகே, தொழிற்சாலை ஆட்களுக்கென்று எப்போதோ கட்டின வீடு ஒன்றில் இருந்தோம். கீழ்த்தளத்தில் ஒரு சுவிஸ் கிழவி. அவருடைய புருஷன் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை செய்து செத்துப்போனவராம். நடுத்தளத்தில் அப்பா, அம்மா, நான். எங்களுக்கு மேலே கூரையடியில் சரிந்த சுவரோடு ஒரு சின்ன அறை. பழைய சாமான் போடுகிற அறை என்று வீட்டுக்காரனுக்குச் சொல்லியிருந்தோம்.

அந்த அறையில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, அது நிராகரிக்கப்பட்டு, இன்ன நாளுக்குள் நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்த ஆள். அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது. எங்கள் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மாமா எங்கள் வீட்டில் பிடிபட்டால் அவரை ஊருக்கு விமானம் ஏற்றுவார்கள், எங்கள் விண்ணப்பத்தையும் தள்ளிவிடுவார்கள் என்று அப்பா நம்பினார். ஊருக்கு ஏற்றினால் மாமாவின் கதை கொழும்பு விமான நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அம்மா அவருடைய கோப்பையைக் கழுவுகிற விதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஆகவே எங்கள் வீட்டில் சட்டங்கள் இருந்தன. வாசலில் மூன்று சோடி சப்பாத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கழுவிய கோப்பைகளில் நாலாவதை உடனே துடைத்து அலுமாரிக்குள் வைக்கவேண்டும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மாமா தண்ணீர் திறக்கக்கூடாது. கொடியில் அவருடைய சேட் காயவே கூடாது, அது அறைக்குள்தான் காயும். அதனால் அந்த அறையில் எப்போதும் ஈரத்துணி மணமும் சவர்க்கார மணமும் இருந்தன. இன்றைக்கும் அந்த மணம் எங்காவது வந்தால் நான் குரலைத் தாழ்த்திவிடுகிறேன்.

அப்பா உணவகம் ஒன்றின் குசினியில் சட்டி கழுவினார். யாரையும் நம்பமாட்டார். பஸ் நடத்துனர் இரண்டு தடவை பார்த்தால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். ஆனால் அவருடைய சந்தேகத்தில் முதலிடம் கீழ்வீட்டுக்காரிக்குத்தான். அவர் படிக்கட்டைக் கூட்டும்போது எங்கள் வாசலில் கொஞ்சம் நேரம் கூடுதலாக நிற்பார். “சப்பாத்து எண்ணுறா, பாத்தியே?” என்று அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பார். சும்மா சொல்லக்கூடாது, கிழவியும் சிரிக்கிற ஜாதியில்லை. சலவை அறைக்கு எங்கள் முறை எந்த நாள் என்பதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டி, அதற்குக் கீழே சிவப்பால் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

அந்தப் புரட்டாதியில்தான் எங்கள் வகுப்பு ரீச்சர் சொந்த ஊர்ப் பாடத்தைத் தொடங்கினார். உங்களுக்கும் இருந்திருக்கும், நாலாம் வகுப்பில் ஊரின் மலை, ஆறு, சரித்திரம் எல்லாம் படிப்பிக்கும் பாடம். ஊதா எழுத்தில் அச்சடித்த தாள்கள் தருவார், ஞாபகமிருக்கிறதா? ஈரம் காயாமல், ஸ்பிரிட் மணத்தோடு. தாள் கைக்கு வந்ததும் வகுப்பே மூக்கில் வைத்து இழுக்கும். அந்த யந்திரமும் போய்விட்டது, அந்த மணமும் போய்விட்டது.

ரீச்சர் எங்களை எஷன்பேர்க் காட்டுக்குள் நடத்திக்கொண்டுபோய் இரும்புக் கோபுரத்தில் ஏற்றினார். கீழே முழு ஊரும் கிடந்தது. சுற்றிவர மலைகள், எல்லாம் காடு போர்த்தவை. நடுவில் தட்டையான கிண்ணம். கிண்ணத்துக்குள் பழைய நகரம், அதன் இரட்டைக் கோபுரத் தேவாலயம், அதற்கு மேற்கே தொழிற்சாலைகளின் ரம்பப்பல் கூரைகள், அதற்கும் மேற்கே எங்கள் வீடு. “இது ஒரு ஊர் இல்லை, ஆறு ஊர்” என்றார் ரீச்சர். நடுவில் இருந்த நகரம் சுற்றியிருந்த ஐந்து கிராமங்களைச் சேர்த்துக்கொண்டதாம். “ஓய்லாக் ஆறு எங்கே, யார் காட்டுவீர்கள்?” என்று கேட்டார். ஒருவராலும் காட்ட முடியவில்லை. ஆற்றை வாய்க்காலுக்குள் அடக்கி, சில இடங்களில் மூடி, மேலே தெருவே போட்டுவிட்டார்கள் என்று விளங்கப்படுத்தினார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டார்.

“ஆத்தையே ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள். இவங்களை நம்பச் சொல்லுறியோ?”

மாமா சிரித்தார். சத்தமில்லாமல் சிரிக்கப் பழகியிருந்தார், தோள் மட்டும் குலுங்கும். “நல்லதுதானே அத்தான். ஒளிச்சு வைக்கிறதில கெட்டிக்கார ஊர். நமக்குப் பொருத்தம்.”

மாமா யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். சங்கிலி இழுத்து அளந்துகொண்டுவரும் கணக்குகளை வைத்து வரைபடம் கீறுவதுதான் அவருடைய வேலை. இங்கே வந்தபின் அவருடைய கைக்கு வேலையே இல்லை. பழைய பேப்பரின் ஓரத்தில் கூரை யன்னலால் தெரிந்ததைக் கீறிக் கீறி, பிறகு கிழித்துப் போடுவார். வின்டர்தூரில் ஏழு மாதம் இருந்தும் அந்த ஊரில் நாலு தெரு நடந்திருக்கமாட்டார்.

ரீச்சர் வேலை ஒன்று தந்தார். ஆளாளுக்குத் தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வரைபடம் கீறவேண்டும், வழியில் உள்ளதன் சரித்திரத்தையும் எழுதவேண்டும். நல்லவற்றைப் பெற்றோர் கூட்டத்துக்குத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். நான் இதை மாமாவிடம் சொன்னபோது அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பசித்தவனுக்கு இலை போட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூடம் மட்டும் ஏன்? முழு ஊரையும் கீறுவம். நீ நட, நான் கீறுறன்.”

முதலில் என் நடையை அளந்தார். அம்மாவின் தையல் நாடாவை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் விரித்துவிட்டு, என்னைப் பத்துத் தடவை போகவும் வரவும் வைத்து, என் ஒரு எட்டு எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்த்தார். “ஓடாதை. ஆமி வந்தாலும் இதே நடைதான் நடக்கவேணும்.” அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் எண்ணிக்கொண்டுதான் போனேன். பாலத்திலிருந்து பஸ் தரிப்பு வரை எத்தனை எட்டு, அங்கிருந்து எஞ்சின் தொழிற்சாலை வாசல் வரை எத்தனை. தெருவில் என்னோடு கதைக்க வந்த பிள்ளைகளுக்குப் பதில் சொல்லமாட்டேன், எண்ணிக்கை தப்பிவிடும். அவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.

எனக்கு அந்த ஊர் அப்படித்தான் மனப்பாடம் ஆனது. இரும்பு உருக்கும் இடத்தைத் தாண்டும்போது சுடச்சுட ஒரு மணம் தொண்டையில் பிடிக்கும். மத்தியானச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் வாசலால் கொட்டுப்படும். மேலே வயரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ் வளைவில் ‘டக்’ என்று பொறி பறக்கவிடும். ஓய்லாக் எங்கே தெருவுக்குள் நுழைகிறது, எங்கே வெளியில் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு பின்னேரம் அலைந்தேன். கண்டுபிடித்த அன்று ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு புள்ளிக்கோடு போட்டார். “கண்ணுக்குத் தெரியாததையும் போடவேணும். இருக்கிறது இருக்கிறதுதானே.”

சரித்திரத்தையும் நான் வந்து சொல்ல அவர் கேட்பார். கீபுர்க் கோட்டைப் பிரபுக்கள் இந்த ஊரை வைத்திருந்தார்கள், பிறகு வேறொரு பெரிய அரச குடும்பம் வைத்திருந்தது, அவர்கள் காசுக்கு முடைப்பட்டு ஊரோடு ஆட்களையும் சேர்த்துச் சூரிச்சுக்கு அடகு வைத்துவிட்டார்கள். சூரிச் இவர்களை இந்தத் தொழில் செய்யாதே, அந்தத் தொழில் செய்யாதே என்று பிடித்து வைத்திருந்தது. பின்னாளில் சூரிச்சுக்குப் போட்டியாகச் சொந்தமாக ரெயில் பாதை போட்டு, அந்தக் கடனில் ஊரே முறிந்துபோனது. “இன்றைக்கும் வின்டர்தூர் ஆட்கள் சூரிச்சைக் கொஞ்சம் சரிவாகத்தான் பார்ப்பார்கள்” என்று ரீச்சர் சொன்னார் என்றேன்.

“பாவம்” என்றார் மாமா. “ஆரைக் கேட்டு அடகு வைச்சவை?”

அந்த நாட்களில்தான் அப்பிள் வரத் தொடங்கியது. பின்வளவில் கிழவிக்கு ஒரு மரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கால்மிதியில் கடதாசிப் பை ஒன்று. உள்ளே அப்பிள். அப்பா தரையில் வைத்து எண்ணினார். நாலு.

“வீட்டில மூண்டு பேர். நாலு எதுக்கு?”

“ஒண்டு கூட வந்திருக்கும், விடுங்கோ” என்றாள் அம்மா.

“இந்த நாட்டில ஒண்டும் கூட வராது. மேல ஆள் இருக்கெண்டு எனக்குத் தெரியும், கவனமா இருங்கோ எண்டு சொல்லுறா. அதுதான் கதை.”

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மாமா மட்டும் ஒன்றை எடுத்துச் சேட்டில் துடைத்தார். “நான் ஒண்டைத் தின்னுறன் அத்தான். செத்தால் ரீச்சருக்குச் சொல்லிவிடுங்கோ, மிச்சப் படத்தை ஆர் கீறுறது?” என்று கடித்தார். மற்ற மூன்றையும் அப்பா வேலைக்குப் போகும் வழியில் ஓய்லாக்குக்குள் எறிந்தார். அடுத்த சனிக்கிழமையும் நாலு. அதற்கடுத்ததும் நாலு. கிழவி படியில் என்னைக் கண்டால் என் கால்களை மட்டும் பார்ப்பார். தாழ்வாரத்தில் நான் பத்துத் தடவை நடந்தது அவருடைய தலைக்கு மேலே கேட்டிருக்கும்.

படம் முடிந்தது. ஐயோ, அது படமா! மலைகளுக்குக் கபில நிறத்தில் உயரக்கோடுகள், காட்டுக்குப் பச்சை, தொழிற்சாலைகளுக்குச் சாம்பல், ரெயில் பாதை கறுப்பில் ஏணி ஏணியாக. ஆற்றுக்கு நீலம், அது தெருவுக்குக் கீழே போகும் இடத்தில் நீலப் புள்ளிகள். கடைசியாக மாமா மையில் பேனா முள்ளைத் தோய்த்து, எங்கள் வீட்டின் கூரையில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

“இது என்ன மாமா?”

“நிண்டு பாத்த இடம். எங்க நிண்டு பாத்தது எண்டு குறிக்காட்டி அது வரைபடம் இல்லைப் பிள்ளை, சும்மா படம்.”

எனக்கு அந்தக் குறி தெரியும். ரீச்சர் காட்டிய பெரிய வரைபடத்தில் மலை உச்சிகளில் அது இருந்தது, அளவைக்காரர் நின்று பார்த்த இடங்கள் அவை என்று படித்திருந்தோம். எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. ரப்பரால் அழியாவிட்டாலும் பிளேட்டால் சுரண்டியிருக்கலாம். சுரண்டவில்லை. அம்மா பார்த்து “வடிவா இருக்கு” என்றாள். அப்பாவுக்கு அந்தக் கிழமை இரட்டை வேலை, பார்க்கவேயில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் அதை மேசையில் விரித்தார். உயரக்கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு என்னை மட்டும் மறித்தார்.

“இந்த உயரக்கோடுகளை யார் கீறியது?”

“அப்பா.” பொய் என் வாயில் தயாராக இருந்தது.

“இந்த முக்கோணம் உங்கள் வீடுதானே? அங்கே மேலே யாராவது இருக்கிறார்களா?”

“சாமான் இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆனால் நம்பவுமில்லை. “இதைக் கீறியவரை நான் சந்திக்க விரும்புகிறேன்” என்றார். “புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லு. என்னோடு இன்னொருவரும் வருவார்.”

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா யன்னல் துணியை இழுத்து மூடினார். “இன்னொருத்தர் ஆர்? கேக்கேல்லையோ நீ?” கேட்கவில்லை. பத்து வயதில் ரீச்சரிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பது? என்ன கீறினீர்கள், என்ன குறித்தீர்கள் என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். முக்கோணத்தைச் சொன்னேன். அப்பா மேலே ஏறிப்போனார். நான் பின்னால் போனேன்.

“உமக்கு விசரோ? ஒளிஞ்சிருக்கிற ஆள் ஒளிஞ்சிருக்கிற இடத்தைக் கீறிக் குறியும் போட்டுக் குடுக்கிறதோ?”

“பழக்கத்தில போட்டிட்டன் அத்தான்.”

“பழக்கம்! ஊரில என்ர தமையன்ர பெடியனை எப்பிடிப் பிடிச்சவங்கள்? ஆமிக்காரன்ர கையில துண்டுப் பேப்பர், அதில எங்கட ஒழுங்கை, எங்கட வீட்டில ஒரு குறி. கீறிக் குடுத்தவன் ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. இஞ்ச நீரே கீறிக் குடுத்திட்டீர், அதுவும் இந்தப் பிள்ளையின்ர கையில!”

மாமா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். “ரீச்சர் அப்பிடி ஆள் மாதிரித் தெரியேல்லை அத்தான். பிள்ளை சொல்லுறதை வைச்சுப் பாத்தால்...”

“நீர் ஆளைக் கண்டனீரோ?”

மாமா காணவில்லைதான். அவர் அந்த ஊரில் யாரைக் கண்டார்?

புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். நாங்கள் நாலு பேரும் மேல் அறையில் நிலத்தில் இருந்தோம், சரிந்த சுவருக்குக் கீழே. அம்மா வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணிக்கு மணி அடித்தது. யன்னல் துணியின் ஓரத்தால் பார்த்தேன். ரீச்சர், பக்கத்தில் உயரமான ஒரு மனிதர், நீளமான சாம்பல் கோட்டு, கையில் தோல் பெட்டி.

“பெட்டி வைச்சிருக்கிறானோ?” என்று அப்பா வாயசைத்தார்.

ஓம் என்று தலையாட்டினேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார். “வெளிநாட்டார் பொலிஸ்.”

மணி இன்னொரு தடவை அடித்தது. பிறகு கீழே கதவு திறக்கும் சத்தம், கிழவியின் குரல், அந்த மனிதரின் குரல். சொற்கள் கேட்கவில்லை, இரண்டு மாடிக்குக் கீழே முணுமுணுப்பு மட்டும். கிழவிதான் அதிகம் பேசினார். “சொல்லுறா, எல்லாம் சொல்லுறா” என்றார் அப்பா. மாமா என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய விரலில் அன்று எதையோ கீறிய மை காயாமல் ஒட்டியிருந்தது, என் மணிக்கட்டிலும் ஒட்டியது. ஒருவரும் படியேறி வரவில்லை. போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. “இப்ப பாத்திட்டுப் போட்டாங்கள். நாளைக்கு ஆக்களோட வருவாங்கள்.” அந்தப் பின்னேரமே எல்லைப் பக்கத்து ஷாஃப்ஹவுசனில் இருந்த நம்மூர் அண்ணை ஒருவருக்குப் போன் எடுத்தார். அந்த அண்ணைக்கு எல்லைக் காட்டு வழி தெரியும், ஜெர்மனிக்குள் ஆட்களைக் கடத்திவிட்டவர். அம்மா அழுதாள். “அவன் என்ர தம்பி. இன்னும் ரண்டு நாள் பாப்பம், பிள்ளையை விட்டு ரீச்சரைக் கேப்பம்.” “ரண்டு நாள் கழிச்சு ஆரைக் கேக்கிறது, கொழும்பில போய்க் கேக்கிறதோ?” என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை, அதை இங்கே சொல்லியாகவேண்டும். தன் கையில் இருந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டு ஒரு உயிரைக் காப்பாற்றப் பார்த்தார். அந்த அறிவு வேறு ஒரு ஊரின் அறிவு.

வியாழன் விடியற்காலை முதல் ரெயிலுக்கு மாமா போனார். என்னுடைய பள்ளிப் பென்சில் பெட்டியைத் திறந்து உயரக்கோடு போட்ட கபிலப் பென்சிலை மட்டும் கேட்டார். கொடுத்தேன். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார், வெளிவாசல் வரைக்கும், ஏழு மாதத்தில் முதல் தடவையாக. “போட்டு வாறன் பிள்ளை” என்றார். கீழ்வீட்டைத் தாண்டும்போது ஒரு படி முனகியது. நாங்கள் மூவரும் மூச்சை அடக்கினோம். கிழவியின் கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு இருந்தது. கதவு திறக்கவில்லை.

வியாழன் முழுக்க நாங்கள் காத்திருந்தோம். பொலிஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது, ஆள் காட்டால் போய்விட்டார் என்று. அப்பா முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிய ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். கையில் தட்டையான கறுப்புப் பெட்டி ஒன்று. திறந்து காட்டினார். உள்ளே நீல வெல்வெட்டில் கவராயம், மைக்கோடு போடும் உருக்குப் பேனா, எல்லாம் படுத்திருந்தன. அந்த உயரமான மனிதர் ரீச்சருடைய தம்பியாம். நகர அளவைக் கந்தோரில் வேலையாம். என் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கையை நான் பார்க்கவேண்டும் என்று நின்றாராம். கீறியவருக்குக் கொடுக்கத்தான் அன்றைக்கு இதைத் தோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம்.

“கையால் இப்படிக் கீறுகிறவர்கள் இப்போது எங்களிடம் குறைவு. அவருக்கு வேலை கொடுக்கமுடியுமா என்று தம்பி விசாரிக்கிறான். அவருடைய பத்திரங்களில் ஏதாவது சிக்கல் இருந்தாலும் பயப்படவேண்டாம், எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் இருக்கிறார் என்று சொல்லு.” பிறகு பெட்டியை மூடி என் கையில் தந்தார். “உன் அப்பா இதைக் கீறவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய கையெழுத்தை நான் உன் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். புதன்கிழமை நாங்கள் வந்தோம். நீங்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே போய்விட்டதாகவும், மேலே அறையில் பழைய சாமான் தவிர ஒன்றும் இல்லை என்றும் கீழ்வீட்டு அம்மா சொன்னார். கேட்காமலே சொன்னார்.”

நான் வீடுவரை ஓடினேன். ஒரு எட்டும் எண்ணவில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் பிடியை விடவில்லை. “நம்பாதை. இப்பிடித்தான் வாயைக் கிண்டுவாங்கள். வேலை தாறம் எண்டு கூப்பிட்டுத்தான் பிடிக்கிறது.”

“அப்ப கீழ்வீட்டுக்காரி ஏன் பொய் சொன்னவ?” என்று அம்மா கேட்டாள்.

“அது... ரீச்சர் சொல்லுற கதை. அவ சொன்னதை நீர் கேட்டனீரோ?”

ஷாஃப்ஹவுசன் அண்ணைக்குப் போன் எடுத்தார்கள். ஆளைத் திருப்பமுடியாது, அந்தப் பக்கம் போய்விட்டார். மாமா ஜெர்மனியில் ஒன்பதாம் நாள் பிடிபட்டார். கொழும்புக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது, என் பெயருக்கு. உள்ளே எழுத்தைவிடக் கோடுதான் அதிகம்: தங்கியிருந்த விடுதியைச் சுற்றி நாலு தெரு, கபிலப் பென்சிலில். விடுதியின் மேல் முக்கோணம் இல்லை. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அம்மா சாகும்வரை செஞ்சிலுவைக்காரருக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

எங்கள் விண்ணப்பம் பின்னாளில் சரிவந்தது. ரீச்சர் படத்தைத் தாழ்வாரத்தில் தொங்கவிடாமல் அந்த வருட முடிவில் என்னிடமே சுருட்டித் தந்தார். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஓய்லாக்கின் நீலம் மங்கிவிட்டது, முக்கோணம் மங்கவில்லை. எஞ்சின் தொழிற்சாலைகள் இப்போது வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. மத்தியானச் சங்கு ஊதுவதில்லை. நான் இதே ஊரில்தான் இருக்கிறேன், இன்னும் கதவுக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஆனால் யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், தோல் பெட்டியோடு ஒரு மனிதர் வந்து நிற்கமாட்டாரா என்றுதான்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் நான் எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். மாமா போய் இரண்டு நாள். காலையில் கிழவி படி கூட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் நின்றது, வழக்கத்தைவிடக் கனநேரம் நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது. அப்பா கதவைத் திறந்து கடதாசிப் பையை உள்ளே எடுத்தார். தரையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார்.

மூன்று.

இன்னொரு தடவை எண்ணினார். பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு பையைக் கவிழ்த்து உதறினார். ஒரு இலைதான் விழுந்தது. அப்பா அந்த வெறும் பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்தார்.

“அவ எண்ணித்தான் வைச்சிருக்கிறா” என்றாள் அம்மா. “எப்பவும் எண்ணித்தான் வைச்சவ.”